ஈரத் தரையும் இரண்டு தலைவர்களும்

மேடையை நிறைத்திருக்கும் தலைவர்களே, மேடை கிடைக்காததால் உண்மையாகவே துக்கப்பட நேரம் கிடைத்த பெரியோர்களே, எங்கள் எக்ஸ்ரே அக்காவின் தம்பியே, அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என் வேலை. உள்ளே படமெடுப்பது அக்காவின் வேலை. இடைவேளையில் அதே நடைவழியில் தன் சொந்தக் கேமராவோடு நிற்பார். ஒரு அட்டையில் படம், அதன் கீழே மூன்று வரிக் கவிதை. அவ்வளவுதான் அவர் கலை.

இன்று அவரை மாபெரும் கலைஞர் என்கிறீர்கள். உயிரோடு இருந்தபோது என்ன சொன்னீர்கள்? படம் நன்றாக இருக்கிறது, கீழே எதற்கு இந்தக் கிறுக்கல் என்று கேட்டவர் நிழற்படக் கழகத் தலைவர். நடக்கத் தெரிந்த கவிதைக்கு ஊன்றுகோல் எதற்கு என்று கேட்டவர் கவிதை மன்றத் தலைவர். அக்கா என்னிடம் சொன்னார்: “ஆளுக்குப் பாதி ரசிக்கிறாங்க. ரெண்டு பேரையும் கூட்டினா ஒரு ஆள் தேறும்.”

அவரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. படத்தில் வாளி தெரிந்தால் வரியில் வாளி வரக் கூடாது. வந்தால் அந்த வரியை அடித்துவிடுவார். அழகாக இருக்கிறதே, விட்டுவிடுங்களேன் என்று ஒருமுறை கெஞ்சினேன். “கண்ணு பார்த்ததையே வாய் திருப்பிச் சொன்னா, எதுக்குடி ரெண்டு?” என்றார்.

அப்படிச் சேர்த்துவைத்ததை நீங்கள் என்ன செய்தீர்கள்? இந்த இரங்கல் கூட்டத்துக்கென்று சில அட்டைகளை வாங்கிப்போய்க் கத்தரிக்கோலால் வெட்டினீர்கள்! படங்கள் இடப்பக்கச் சுவரில், கவிதைகள் வலப்பக்கச் சுவரில். பாகம் பிரிக்கிறவன்கூட வீட்டுக்கு நடுவே சுவர் வைப்பான். கூரையை அண்ணனுக்கும் சுவரைத் தம்பிக்கும் கொடுக்க மாட்டான்.

சற்று முன்பு மன்றத் தலைவர் ஒரு கவிதையை வாசித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்:

அவள் போய்விட்டாள்.
எல்லோரும் காத்திருக்கிறோம்,
முதல் கால் யாருடையது?

தன் மரணத்தை முன்பே அறிந்த தீர்க்கதரிசி என்றார். கழகத் தலைவர் எதிர்ச் சுவரைக் காட்டி, நடைவழி ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் நோயாளிகளின் முகத்தில் மரண பயத்தைப் பாருங்கள் என்றார். அடடா, என்ன ஒற்றுமை!

ஐயா, அந்த இரண்டும் ஒரே அட்டை. துப்புரவு அக்கா தரையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார். தரை கண்ணாடியாக மின்னியது. உடைந்த கையும் கட்டுப்போட்ட காலுமாக நின்றவர்களில் ஒருவருக்கும் அதில் முதல் தடம் பதிக்க மனம் வரவில்லை. யாரும் அவர்களை நிற்கச் சொல்லவில்லை. அந்த அழகைத்தான் எங்கள் எக்ஸ்ரே அக்கா பார்த்தார்.

அந்தத் துப்புரவு அக்கா இதோ கடைசி வரிசையில் இருக்கிறார். தலைவர் கண்ணைத் துடைத்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் காதில், “நான் எங்க செத்தேன்மா, டீ குடிக்கத்தானே போனேன்” என்றார். அவர் சிரிக்கவில்லை. தனக்காக அத்தனை பேர் நின்றது இந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாமல் போகிறதே என்ற வருத்தம் அவருக்கு.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது ‘கலைச்செல்வம் ஒப்படைப்பு’. மிச்சமுள்ள அட்டைகளை அக்காவின் தம்பி இப்போது மேடையில் கொடுக்க வேண்டும். படங்கள் கழகத்துக்கு, வரிகள் மன்றத்துக்கு. பெட்டி அவர் மடியில் இருக்கிறது.

அண்ணா, உங்களிடம்தான் பேசுகிறேன். இவர்களுக்குப் பயப்படாதீர்கள். எங்கள் பிரிவில் எல்லோரும் பேசி முடிவெடுத்துவிட்டோம். ஒரு அட்டையைக்கூட வெட்டாமல், மக்கள் காத்திருக்கும் அதே நடைவழியில் மாட்டுவோம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கும் அவற்றைச் சேர்த்தே காட்டுவோம். எங்கள் அக்காவுக்கு நாங்கள் தரும் வாக்கு இது. பொன்னாடை, பட்டம் எல்லாம் உங்களுக்குள்ளேயே போர்த்திக்கொள்ளுங்கள், தலைவர்களே.

அண்ணன் எழுந்துவிட்டார். பெட்டியோடு வாசல் பக்கம் நடக்கிறார். யாராவது அவருக்குக் கதவைத் திறந்துவிடுங்கள்.