பத்தடி வளைவு

எனக்கு ரயில் பயணம் ஒத்துக்கொள்ளாது. செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறினால் தாம்பரம் வருவதற்குள் தலை சுற்ற ஆரம்பித்துவிடும். மறைமலைநகர் ஃபேக்டரிக்கு இருபத்திரண்டு வருடமாகக் கம்பெனி பஸ்ஸில்தான் போய்வருகிறேன். ரயில் மேல் எனக்கு இருக்கும் பிரியம் வேறு. முழங்கால் உயரத்தைத் தாண்டாத ரயில்கள் மட்டும்தான் எனக்குப் பிடிக்கும்.

செயலாளர் சார், இரண்டு குடும்பமும் சேர்ந்து நலச்சங்கத்தின் சார்பில் உங்களை விசாரிக்கச் சொன்னதில் எனக்கு வருத்தம் கிடையாது. கேட்டால் சொல்லிவிடுகிற ஆள் நான். ஜானகிராமன் சார் நியாயமானவர் என்று உங்களைப் பற்றி என் மனைவி சியாமளாவும் சொன்னாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

நான் டிராஃப்ட்ஸ்மேன். அளப்பதும் வரைவதும் தொழில். என் வீட்டுத் தோட்டம் பதினான்கு அடி அகலம். அதில் தென்னையைச் சுற்றித் தண்டவாளம் போட்டு, நாலு சக்கர எஞ்சின் ஒன்றை ஓடவிட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுப் பன்னீர்செல்வம் லுங்கியோடு வந்து உட்காருவார். வறுத்த வேர்க்கடலையை ஒரு வேகனில் நிரப்பி அவர் பக்கம் அனுப்புவேன். அவர் தின்றுவிட்டுத் தோலை அதே வேகனில் திருப்பி அனுப்புவார். "மச்சான், உன் வண்டி மட்டும்தான் டயத்துக்கு வருது" என்பார். நல்ல மனுஷன். அவரிடம் எனக்கு எந்தக் குறையும் கிடையாது, அவருடைய சுவரைத் தவிர.

2001இல் எங்கள் ஆபீஸ் ஹரிகிருஷ்ணன் ஜெர்மனிக்குப் பயிற்சிக்குப் போய்விட்டு எனக்கு ஒரு கேட்லாக் கொண்டுவந்து கொடுத்தார். நாற்பத்தேழாம் பக்கத்தில் அந்த எஞ்சின் இருந்தது. கறுப்பு நிறம், மூன்றடி நீளம், பன்னிரண்டு பெரிய சக்கரம். விலையை நம் பணத்துக்கு மாற்றிப் பார்த்தேன். கால்குலேட்டர் பழுது என்று நினைத்து வேறொன்று வாங்கினேன். அதுவும் அதையே சொன்னது. பி.எஃப். கடன் போட்டால் ஒருவாறு சமாளிக்கலாம். ஆனால் விலைக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொன்று போட்டிருந்தது. அந்த எஞ்சின் திரும்புவதற்குக் குறைந்தது பத்தடி ஆரமுள்ள வளைவு வேண்டும். அதாவது இருபதடி அகலத் தோட்டம்.

பணத்தைப் புரட்டிவிடலாம், ஆறடி நிலத்தை எங்கே போய்ப் புரட்டுவது? டிரேசிங் தாளில் என் தோட்டத்தையும் பன்னீர்செல்வத்தின் தோட்டத்தையும் சேர்த்து வரைந்தேன். நடுவில் இருந்த சுவரை ரப்பரால் அழித்தேன். வளைவு அவருடைய துவைக்கிற கல்லை ஒட்டி அழகாகப் போய்த் திரும்பி வந்தது. தாளிலிருந்து தலையைத் தூக்கியபோது அவர் மகன் சரவணகுமார் பனியனோடு நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தான். என் மகள் பிரதீபாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

நேரில் போய்ச் சுவரை இடியுங்கள் என்று கேட்டிருக்கலாமே என்பீர்கள். பொம்மை ரயிலுக்காக ஒருவரிடம் அப்படிக் கேட்பது நாகரிகமில்லை சார். பெண் கொடுப்பது நாகரிகமான காரியம். இரண்டு வீடும் ஒன்றாகிவிட்டால் நடுவில் சுவர் எதற்கு என்று அவர்களுக்கே தோன்றும் என்று நினைத்தேன்.

பையன் நல்ல பையன், ஐ.டி. ஆபீஸில் வேலை. பன்னீர்செல்வத்துக்கும் அவர் மனைவி சொர்ணத்துக்கும் சம்மதம். பிரதீபாதான் தயங்கினாள். அவளுக்கு வேலூரில் எம்.சி.ஏ. இடம் கிடைத்திருந்தது. பையனுடைய ஜாதகத்தைக் கரையான் அரித்துவிட்டதால் பொருத்தம் பார்க்கவும் வழியில்லை. சதுரங்கப்பட்டினத்தில் அவர்கள் குலதெய்வக் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கலாம் என்றார் சொர்ணம். அம்மன் சொன்னால் சரி என்று பிரதீபாவும் ஒப்புக்கொண்டாள்.

"வெள்ளை வந்தா கட்டிக்கிறேன். சிவப்பு வந்தா வேலூர் போறேன். அப்புறம் நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாதுப்பா" என்றாள்.

பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இன்றுவரை பேசவில்லை.

பூக்கட்டும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வெள்ளைக்கு மல்லிகை வைக்கலாம் என்றார் பூசாரி. வாசனை காட்டிக்கொடுத்துவிடும், நந்தியாவட்டைதான் சரி என்றேன். எங்கள் வீட்டுச் செடியில் சியாமளா பறித்துக் கொடுத்தாள். சிவப்புக்கு அரளி வாங்கிக்கொள்வதாகச் சொல்லிக் கோயிலுக்கு எல்லோருக்கும் முன்னால் போய்விட்டேன். இரண்டு பொட்டலமும் ஒரே அளவு, ஒரே மடிப்பு, ஒரே முடிச்சு. கை சுத்தமான வேலை என்று பூசாரியே மெச்சினார்.

பிரதீபா கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு இடது பொட்டலத்தைத் தொட்டாள், கையை எடுத்தாள், வலதை எடுத்தாள். அவள் அவ்வளவு யோசித்ததைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. பிரித்தால் வெள்ளை. சொர்ணம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மற்ற பொட்டலத்தைக் கடலில் விட்டுவிடுகிறேன் என்று நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

2002 ஆவணியில் கல்யாணம் நடந்தது. எஞ்சினுக்கு நினைத்திருந்த பி.எஃப். கடன் மண்டபத்துக்கும் நகைக்கும் போய்விட்டது. போகட்டும், முதலில் வளைவு அமையட்டும் என்று பொறுத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து முனிசாமி மேஸ்திரி இரண்டு ஆட்களோடு சுவர் பக்கம் வந்து நின்றார். இடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் வண்டியிலிருந்து ஹாலோ பிளாக் இறக்கிக்கொண்டிருந்தார்கள். சுவரை மூன்று வரிசை உயர்த்தப் போகிறார்களாம்.

சொர்ணம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து விளக்கம் சொன்னார். "தப்பா நெனச்சிக்காதீங்க சம்பந்தி. பொண்ணு எந்நேரமும் அம்மா வூட்டாண்ட பேசிகினே நிக்குது. பக்கத்துலயே சம்பந்தி வூடு கீதுன்னா, ஒரு மறைப்பு வேணுமில்ல?"

நான் அப்போதாவது கேட்டிருக்கலாம். முடியாது சார். பக்கத்து வீட்டுக்காரன் கேட்கலாம்; பெண் வீட்டுக்காரன் மாப்பிள்ளை வீட்டில் எதையும் கேட்கக் கூடாது. இதை நான் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும். டிராஃப்ட்ஸ்மேன் செய்யக் கூடாத தவறு. பன்னீர்செல்வமும் லுங்கியோடு வருவதை நிறுத்திவிட்டார். வேட்டி கட்டி, முன்கூட்டியே சொல்லியனுப்பிவிட்டு வருகிறார். ஸ்வீட், காரம் வைக்க வேண்டியிருக்கிறது. வேர்க்கடலை வேகன் சும்மா நிற்கிறது. பிரதீபா பத்தடி தள்ளித்தான் இருக்கிறாள், ஆனால் சியாமளாவுக்கு அவள் வீட்டுக் குக்கர் விசில் மட்டும்தான் கேட்கிறது. அந்த விசிலைக் கேட்டு என்ன சமையல் என்று ஊகித்துக்கொண்டிருப்பாள்.

போன வாரம் சியாமளா ஸ்குரூ டிரைவர் தேடி என் டூல்ஸ் பெட்டியைத் திறந்தாள். அம்மனுக்கு வைத்த பூவைக் கடலில் போட எனக்கு மனம் வரவில்லை, பத்திரமாக வைத்திருந்தேன். முடிச்சைப் பிரித்தாள். காய்ந்துபோயிருந்தாலும் தான் பறித்த நந்தியாவட்டை அவளுக்குத் தெரியாதா?

ஆமாம். அரளி நான் வாங்கவே இல்லை. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைதான். எழுதிக்கொள்ளுங்கள்.

பன்னீர்செல்வத்திடம் காரணத்தைச் சொன்னேன். "இன்னா மச்சான் நீ. கேட்டிருந்தா நானே கடப்பாரை எடுத்து இடிச்சிருப்பேனே. நானும் அந்த வண்டியப் பாக்கத்தானே வந்துகினு இருந்தேன்" என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு வருத்தம் தாங்கவில்லை. ஒன்றரை வருடம் வீணாகிவிட்டது.

பிரதீபா சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி என்னைப் பார்த்தாள். அவள் சத்தம் போடவில்லை. "அன்னைக்கு வலதா இடதான்னு நான் எவ்ளோ யோசிச்சேன் தெரியுமாப்பா?" என்றாள். யோசித்திருக்கவே வேண்டாம், எதை எடுத்திருந்தாலும் ஒன்றுதான் என்று ஆறுதல் சொன்னேன். அவள் இறங்கிப் போய்விட்டாள். அன்று குக்கர் விசிலும் வரவில்லை.

நான் செய்தது தப்புதான் சார். சாமி காரியத்தில் ஏமாற்று வேலை கூடாது. அதை இனி எந்தக் காலத்திலும் செய்யமாட்டேன் என்று உங்கள் முன்னால் உறுதி சொல்கிறேன். அதோடு, சாதி மதம் பார்க்கிற ஆளும் இல்லை நான். பின்பக்கத்து வீட்டு ஞானதாஸ் சாருக்குத் தோட்டம் அறுபதடி, ஒரே பையன். என் சின்னவள் தேவிப்பிரியா இந்த வருடம் காலேஜ் முடிக்கிறாள். அவர்கள் வீட்டில் பூக்கட்டிப் பார்க்கிற வழக்கமே கிடையாது. அதனால் யாரையும் ஏமாற்ற வேண்டிய அவசியமும் வராது.