துவக்குக்கு ஒரு சீற்று

...துவக்குக்குச் சீற்று, பிள்ளை! துவக்குக்கு! கட்டின மனிசி துணுக்காயிலையிருந்து கம்பியிலை தொங்கிக்கொண்டு வாறன், அந்தச் சாமான் யன்னல் கரையிலை இருந்து காத்து வாங்கிக்கொண்டு வருது. கொஞ்சம் அரக்கி இரும்... ஆ, காணும் காணும், இவ்வளவு இடம் போதும். நீர் நல்லாயிருப்பீர். முல்லைத்தீவுக்கோ? நாங்களும் அங்கைதான். கச்சேரிக்கு, அரசாங்க அலுவலாய்.

அந்தா, முன்னுக்கு மூண்டாவது சீற்றிலை ஒரு வழுக்கைத் தலை தெரியுதெல்லே? அது இவர். என்ரை மனிசன், ஏரம்பு. பக்கத்திலை சிவப்புப் பட்டுச் சுத்தி நெடுநெடுவெண்டு ஒண்டு இருக்கே, அதைப் பொம்பிளை எண்டுதானே நினைச்சனீர்? எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கினம். மாங்குளத்திலை ஏறின அந்த அக்கா, "மகளுக்குச் சுகமில்லையோ, தலை நிமிர்த்தாமல் வாறா" எண்டு கேட்டவ. மகளும் இல்லை, மருமகளும் இல்லை. அது துவக்கு, வேட்டைத் துவக்கு. சுத்தியிருக்கிறது என்ரை கூறைச்சீலை!

ஓம் பிள்ளை, கூறை. நான் தாலி கட்டேக்கை உடுத்த கூறை. விடியப்பறம் என்ரை ரங்குப்பெட்டியைத் திறந்து தானே எடுத்துச் சுத்தினவர். ஏன் மனிசா எண்டு கேட்டால், "இப்ப அதுக்கு இதுதான் பொருத்தம்" எண்டுறார். விசர்தானே? ரெண்டு ரிக்கற் எடுத்தவர். ஒண்டு தனக்கு, ஒண்டு அதுக்கு. எனக்கு நான் எடுத்தனான். ஒட்டுசுட்டான் கோயிலடியிலை பஸ் நிண்டதெல்லே, அப்ப பாத்தனீரோ? இறங்கிக் கும்பிட்டிட்டு வந்து அதுக்குத் திருநீறு பூசினவர். எனக்குப் பூசேல்லை.

ஐயோ, பயப்பிடாதையும், வெடிக்காது. அதுக்கை ஒண்டும் இல்லை. அது வெடிச்ச சாதியே இல்லை... அதாவது... வெடிக்காது. அதைப் பேந்து சொல்லுறன்.

கேளும். இது இவற்றை அப்பு வாங்கினது. அப்பு யாழ்ப்பாணத்திலையிருந்து குளத்துக் காணி கிடைச்சு இஞ்சாலை வந்தவர். வந்து பாத்தால் ஒரே பன்றி. பயிரைக் காக்கத் துவக்கு வேணுமெண்டு லைசென்ஸ் எடுத்து, ஊருக்குத் திரும்பின ஒரு வெள்ளைக்காரத் துரையிட்டை இதை வாங்கினவராம். துரையும் ஒருக்காலும் சுடேல்லையாம். இங்கிலாந்திலை செய்தது, இரட்டைக்குழல். ரெண்டு பக்கமும் வெள்ளித் தகட்டிலை தாரா பறக்கிற மாதிரி வெட்டிக் கிடக்கு. இந்தப் பக்கம் ரெண்டு தாரா, அந்தப் பக்கம் ஒண்டு. சும்மா சொல்லக்கூடாது, வடிவுதான். அப்பு முதல் நாள் ஒரு பன்றிக்குக் குறி வைச்சவராம். வைச்ச இடத்திலை இந்தத் தாரா கண்ணிலை பட்டுட்டுதாம். "சீ, உந்தப் பன்றிக்காக இவ்வளவு வடிவான சாமானைக் கறுப்பாக்கிறதோ" எண்டு கீழை இறக்கிப் போட்டாராம். பன்றி நிண்டு பாத்திட்டு மரவள்ளியைத் திண்டிட்டுப் போச்சாம்.

அண்டைக்குத் தொடங்கின வில்லங்கம்! தேப்பனும் சுடேல்லை, மகனும் சுடேல்லை. சண்டைக் காலத்திலை இது எங்கை இருந்தது தெரியுமே? சண்டை எட்டாத நெளுக்குளத்திலை, இவற்றை தமையன் வீட்டிலை. பேந்து பொலிசிலை ஒப்படைச்சு, அங்கை நனையாமல் குளிராமல் சொகுசாய் இருந்தது. நாங்கள்தான் பங்கருக்கை தண்ணியோடையும் தவளையோடையும் கிடந்தனாங்கள். இந்த வன்னியிலை சண்டைக்கை வெடிக்காத ஒரே துவக்கு எங்கடைதான் பிள்ளை. எழுதி வைச்சுக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எண்ணெய். தையல் மிசின் எண்ணெய். முழுகிப்போட்டு வந்து, பாயிலை இருத்தி, துண்டு துண்டாய்த் துடைச்சு, குழலுக்கை எட்டிப் பாத்து, மணந்து பாத்து... ஓம், மணந்தும் பாப்பார்! எனக்கு ஒரு நாள் தலைக்கு எண்ணெய் வைச்சு விட்டிருப்பாரோ? அலுமாரியின்ரை மேல்தட்டு முழுக்க அதுக்கு. என்ரை சீலையள் கொடியிலை. மூத்தவன் கிருசாந்தன் வெளிநாட்டிலை, பரிசிலை. போன் எடுத்தால் முதல் கேள்வி, "அப்பா, துவக்குக் கறள் பிடிக்கேல்லையே?" கண்ணாடிப் பெட்டி செய்து அதுக்கை வைக்கட்டாம். அம்மாவை எதுக்கை வைக்கிறதெண்டு அவன் இன்னும் சொல்லேல்லை.

பன்றி வராமலே? வருது, குடும்பமாய் வருது. இவர் தகரத்திலை தட்டுவார், சீனவெடி கொளுத்திப் போடுவார், "ஊய் ஊய்" எண்டு தொண்டை கிழியக் கத்துவார். அலுமாரிக்கை துவக்கு நித்திரை. அதை எழுப்பிப் போடாமல் மெல்லமாய்க் கத்தினாலும் கத்துவார். பக்கத்துக் காணி ஜனார்த்தனனிட்டைக் கறள் பிடிச்ச ஒரு துவக்கு இருக்கு, கம்பி சுத்திக் கட்டினது. அவன்ரை வயலுக்குப் பன்றி போகாது. எல்லாம் எங்கடைக்குத்தான். பன்றியளுக்கும் தெரியும், இந்த வீட்டிலை இருக்கிறது படத்துக்கு எண்டு.

நான் கேட்டிருக்கிறன் பிள்ளை. கேளாமல் இருப்பனே? ஏன் சுடுறியள் இல்லை எண்டு. மனிசன் சொல்லுவார், "பத்மாசனி, சுட்ட துவக்கு இந்த நாட்டிலை எக்கச்சக்கம் கிடக்கு. சுடாதது ஒண்டெண்டாலும் கிடக்கட்டும்." நான் சொன்னனான், அப்ப மரவள்ளியும் கிடக்கட்டும், பன்றிக்கு.

சரி, விசயத்துக்கு வாறன். போன வருசம் லைசென்ஸ் புதுப்பிக்கப் போகேக்கை கச்சேரியிலை இருந்த ஐயா பிடிச்சிட்டார். "பயிரைக் காக்கத் தந்த துவக்கு, எத்தினை பன்றி சுட்டனீங்கள்?" இவர் நெஞ்சை நிமித்திக்கொண்டு, "ஒண்டும் இல்லை ஐயா, இது இதுவரைக்கும் சுடாத துவக்கு" எண்டார். மெடல் தருவினமெண்டு நினைச்சிட்டார் போலை. அந்த ஐயா சொல்லிப்போட்டார், அடுத்த வருசம் சுட்ட தோட்டாவின்ரை வெறுங்கோது கொண்டு வந்து காட்ட வேணும், இல்லாட்டித் துவக்கை ஒப்படைச்சிட்டுப் போக வேணும்.

அடுத்த வருசம் எண்டது இண்டைக்கு.

வருசம் முழுக்க மனிசன் சுடப் போறன் சுடப் போறன் எண்டு தோட்டா எல்லாம் வாங்கி அம்மன் படத்துக்குப் பக்கத்திலை வைச்சவர். எடுக்கிறது, தாராவைப் பாக்கிறது, வைக்கிறது. ஜனார்த்தனன் தன்ரை கோது ரெண்டைத் தாறன், கொண்டுபோய்க் காட்டுங்கோ எண்டவன். மாட்டாராம்! "என்ரை துவக்கின்ரை பேரிலை பொய் சொல்ல மாட்டன். சுடாத துவக்கு எண்ட பேரோடையே அது போகட்டும்." சொல்லிப்போட்டு ஒரு கிழமையாய்ச் சாப்பாடு இல்லை. கோப்பையை வைச்சால் பருக்கையை எண்ணுறார். அலுமாரியைத் திறந்து வைச்சுக்கொண்டு கதிரையிலை இருக்கிறார். திட்டுறனான்தான், அதுக்காக மனிசன் அப்பிடி இருக்கிறதைப் பாத்துக்கொண்டிருக்க ஏலுமே?

இப்ப... கொஞ்சம் கிட்ட வாரும். இதை ஆருக்கும் சொல்லேல்லை.

முந்தாநாள் இவர் போட்டோக்கொப்பி எடுக்க மல்லாவிக்குப் போட்டார். நான் தனிய. குசினியிலை பிட்டு அவிச்சு இறக்கி வைச்சிட்டுத் தேங்காய்ப்பூ எடுக்கத் திரும்பினன், வந்திட்டுது குரங்கு! பிட்டை நீத்துப்பெட்டியோடை தூக்கிக்கொண்டு போய்த் தண்ணித் தாங்கிக்கு மேலை ஏறி இருந்து, என்னைப் பாத்துக்கொண்டு திண்ணுது. அவசரமில்லாமல். இடைக்கிடை பல்லைக் காட்டுது. எனக்கு வந்துது பாரும்! நாளையிண்டைக்கு ஒப்படைக்கப் போற சாமான்தானே. அறுவது எழுவது வருசமாய் எங்கடை வீட்டிலை இருந்து ஒரு குரங்கைக்கூட வெருட்டேல்லையே. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பாத்துப் பாத்து எனக்கு எல்லாம் பாடம். துவக்கை எடுத்து நடுவிலை முறிச்சுத் திறந்தன், அம்மன் படத்தடியிலை இருந்த ரெண்டு தோட்டாவையும் போட்டன், மூடினன், தோளிலை வைச்சன்... ரெண்டு விசையையும் ஒண்டாய் அமத்திப்போட்டன்.

ஐயோ பிள்ளை! படாரெண்டு ஒரு சத்தம்! ஊர்க்காகம் முழுக்க மேலை. ஜனார்த்தனன் பழைய பழக்கத்திலை வரம்போடை குப்புறப் படுத்திட்டானாம். நான் மாட்டுச் சாணிக்கை இருக்கிறன். குரங்குக்கு ஒண்டும் இல்லை, அது பிட்டையும் கொண்டு போட்டுது. தாங்கியிலைதான் பதினேழு ஓட்டை. பதினேழிலையும் தண்ணி பீச்சியடிக்குது. நான் சாணிக்கை இருந்து சிரிக்கிறன். சிரிப்பு நிக்குதில்லை. எத்தினை வெடி கேட்டிருப்பம் பிள்ளை நாங்கள்... எல்லாம் வேறை ஆக்கள் வைச்சது. இது ஒண்டுதான் நான் வைச்சது. சந்தோசமாய், புளுகமாய் இருந்தது, பொய் சொல்லுவானேன்.

சிரிச்சு முடியத்தான் துவக்கை எடுத்துப் பாத்தன். குழலுக்கை பாத்தால் ஒரே கரி. இவர் அதைச் சுத்தி வைக்கிற பட்டுவேட்டியிலையே ஒரு துண்டு கிழிச்சு, தடியிலை கட்டி இழுத்துத் துடைச்சன். வேட்டி கரி. அதைக் கொண்டுபோய் வைக்கலுக்கை ஒளிச்சன். இவர் வந்து வேட்டி எங்கை எண்டார், எலி கடிச்சுப்போட்டுது எண்டன். சரி எண்டார். தாங்கிக்கு என்ன நடந்தது எண்டார். நான் மறுமொழி தேட முந்தியே தானே சொன்னார், மரங்கொத்தி கொத்தியிருக்கு எண்டு! நான் ஓம் ஓம் எண்டன். விரலாலை ஓட்டையளை அளந்து பாத்திட்டு, "நல்ல மரங்கொத்திதான். கொஞ்சம் கீழை, பதிவாய்ப் பிடிச்சிட்டுது" எண்டார். இப்பிடி ஒரு மண்டு! இரவு எனக்குத் தோள் நோ, பாயிலை பிசகிப் படுத்திட்டன் எண்டன். எண்ணெய் சுடவைச்சுக் கொண்டுவந்து வலது தோளை நீவி விட்டவர். முப்பத்திநாலு வருசத்திலை முதல் தரம்! மிசின் எண்ணெயோ எண்டு மணந்தும் பாத்தனான். இல்லை, நல்லெண்ணெய்தான்.

இந்தாரும், இதுதான் அந்தக் கோது ரெண்டும். காசுப்பையுக்கை கொண்டு வாறன். காட்டினால் துவக்கு மிஞ்சும், ஆனால் அது சுட்ட துவக்கெண்டு இவருக்குத் தெரிஞ்சிடும். மனிசன் உடைஞ்சு போவார். காட்டாட்டித் துவக்குப் போகும், அப்பவும் உடைஞ்சு போவார். வற்றாப்பளை அம்மாளாச்சிக்கு நேந்து வைச்சிருக்கிறன், எனக்கு ஒரு வழி காட்டு எண்டு. இதிலை இன்னொரு கூத்து, துவக்கை ஒப்படைக்கப் போற மனிசன் காலமை எட்டு இடியப்பம் சாப்பிட்டவர்! பாட்டு முணுமுணுத்துக்கொண்டெல்லே பஸ் ஏறினவர்! மூளை கலங்கிப்போச்சோ எண்டு எனக்கு...

என்ன? என்ன சொன்னீர்?

...தெரியுமோ? அவருக்கோ? சீச்சீ. எப்பிடித் தெரியும்? அவர் மரங்கொத்தி எண்டெல்லே...

பிளாஸ்ரிக்குத் தாங்கியை மரங்கொத்தி... அறுவது வருசம் காட்டுக் கரையிலை இருந்த மனிசன்...

பொறும். வலது தோள். எந்தத் தோளெண்டு நான் சொல்லேல்லையே.

விடியப்பறம் கூறையிலை சுத்த முந்தி அதைத் துடைச்சிருப்பார். மணந்தும் பாத்திருப்பார்... "இப்ப அதுக்கு இதுதான் பொருத்தம்"... கன்னி கழிஞ்சதுக்குக் கூறையாம்... கோதாரி! அப்ப மனிசன் அறிஞ்சுகொண்டோ எட்டு இடியப்பம் திண்டது? தான் சுடேல்லை, பொய்யும் சொல்லத் தேவையில்லை, துவக்கும் மிஞ்சும்! நான் கோதை எடுக்கட்டுமெண்டு பாத்துக்கொண்டிருக்கிறார்! இந்த ரெண்டு நாளும் நான் நித்திரை கொள்ளேல்லை பிள்ளை!

ஆ, முள்ளியவளை வந்திட்டுதோ? அந்தா திரும்பிப் பாக்கிறார். என்னைத்தான்... துவக்கைத் தூக்குறார். மடியிலை வைக்கிறார். யன்னல் கரையைக் கையாலை துடைக்கிறார்... வாவெண்டுறார் பிள்ளை. என்னை வந்து இருக்கட்டாம்.

வாறன், வாறன், கத்தாதையுங்கோ! பிள்ளை, அந்தக் கோதுகளைத் தாரும். கச்சேரியிலை ஆர் சுட்டதெண்டு கேட்டால் மரங்கொத்தி எண்டுவம். நான் போறன். வெடி வைச்சால்தான் சீற்றுக் கிடைக்குமெண்டு தெரிஞ்சிருந்தால், அந்தக் கூறையை உடுத்த அண்டைக்கே வைச்சிருப்பனே!