உனக்கு உள்ள வர அனுமதி இல்ல

— அதுக்குன்னு பெத்த அப்பாவப் போய் 'உனக்கு'ன்னு எழுதுவியாடா?

— நீ என்ன சொல்றேன்னே புரியலக்கா. நான் என்ன எழுதினேன்?

— நெட்ல ஆளுக்கொரு பக்கம் போட்டுக் குடுத்தியே. என்னோடது திறக்குது. உங்க மாமாவோடது பாட்டே பாடிக்கிட்டுத் திறக்குது. அப்பாவோடத அமுக்கினா... இரு, படிக்கிறேன். 'உனக்கு உள்ள வர அனுமதி இல்ல.'

— ஐயையோ! அக்கா, அது நான் இல்ல, சர்வர்! அந்தப் பக்கத்தையெல்லாம் அனுப்புற மெஷின்!

— சர்வருக்குத் தமிழ் யாருடா சொல்லிக்குடுத்தா?

— ...நான்தான். பூட்டின பக்கத்த அமுக்கினா வர்ற சேதி இங்கிலீஷ்ல வந்தா உங்களுக்குப் புரியாதேன்னு, படுத்துக்கிட்டே போன்ல பேசிப் பேசி டைப் பண்ணேன். அது வெளியாளுங்களுக்குக்கா! கண்டவன் எட்டிப் பாத்தா படிக்கட்டும்னு. யாருக்குப் பக்கம் போட்டாலும் முதல்ல பூட்டித்தான் இருக்கும், நான்தான் ஒவ்வொண்ணாத் திறந்துவிடணும். அப்பாவோடது கடைசி. ஷிப்டுக்கு நேரமாச்சு, ஓடிட்டேன். வந்து பாத்துக்கலாம்னு... மறந்தே போச்சுக்கா.

— மறந்துட்டியா. அட்ரஸ்ல பேருக்கு முன்னால பாம்பு மாதிரி ஒரு கோடு போடணும்னியே, அத தேடித் தேடித் தட்டினாரு மனுஷன். படிச்சாரு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடி படிச்சாரு. போன மேசையில வச்சுட்டாரு.

— திட்டலயா?

— திட்டியிருந்தா நான் ஏன்டா உன்னக் கூப்பிடப்போறேன்? 'நான் சொன்னதத்தான் திருப்பிச் சொல்றான்'னாரு. நீ பெட்டியோட கெளம்பின அன்னிக்கு வாசல மறிச்சுக்கிட்டு என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா?

— ...'இனிமே உனக்கு உள்ள வர அனுமதி இல்ல.' அக்கா, சத்தியமா வேணும்னு பண்ணலக்கா. வாய்ல அதுவா வந்துச்சு.

— வந்துச்சுல்ல?

— இரு, வச்சிராத. அந்த சர்வர் லேப்டாப்பு என் கட்டிலுக்கு அடியிலதான் ஓடிக்கிட்டிருக்கு. இந்தா... திறந்தாச்சு. இப்ப அமுக்கு.

— வந்துருச்சுடா! ஏய், இது நான் எடுத்த போட்டோ! அவரு சைக்கிள்ல, முன்கம்பியில நீ உக்காந்துக்கிட்டு. கீழ 'வாங்கப்பா'ன்னு போட்டிருக்க.

— அவரக் கூப்பிடுக்கா. சீக்கிரம்.

— வெளிய போயிருக்காரு, போனக்கூட மேசையிலயே போட்டுட்டு... இரு இரு, வாசக் கேட்டு திறக்கிற சத்தம். அப்பா! இங்க வாங்க! தம்பி லைன்ல இருக்கான். அது மெஷினோட கோளாறாம்ப்பா, அவன் 'வாங்கப்பா'ன்னுதான் எழுதி வச்சிருக்கான், பாருங்க!

— அப்பா... நான்தான்ப்பா. அது வந்து, பூட்டு...

— கேக்குது, கத்தாத. சாப்பிட்டியா?

— சாப்பிட்டேன்ப்பா. பூட்டு திறக்க மறந்துட்டேன்ப்பா. அந்த வார்த்த உங்களுக்கு இல்லப்பா.

— சரி, விடு.

— இந்தாங்கப்பா, தண்ணி குடிங்க. இந்த வெயில்ல எங்க போயிட்டு வர்றீங்க? சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு.

— டிராவல்ஸ்காரன்கிட்டம்மா. ஒரு டிக்கெட்டு எடுத்து வச்சிருந்தேன். வேணாம்னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டு வர்றேன்.

— டிக்கெட்டா? எங்ககிட்ட ஒரு வார்த்தகூட சொல்லல? எந்த ஊருக்குப்பா?

— இவன் இருக்கிற ஊருக்குத்தான்.