மூன்றாவது கோடு

— ராத்திரி ஏழரைக்கு சைக்கிளை வாங்கற ஆள் வந்துடுவார்டா. அந்தத் துணியை எடு, சங்கிலியையாவது தொடைச்சு வைப்போம்.

— மெதுவாப் பேசுக்கா. மாடியில அப்பா தூங்குறார்.

— தூங்கட்டும். ஏணியிலேர்ந்து விழுந்ததுலேர்ந்து அவருக்கு வேற என்ன இருக்கு? நேத்துகூடக் கேட்டேன், நாள் பூரா நாற்காலியில இருக்கீங்க, பேண்ட்டுக்குப் பின்னாடி எப்படிப்பா இவ்வளவு மண்ணுன்னு.

— என்ன சொன்னார்?

— ஜன்னலைச் சாத்தும்மான்னார்.

— அக்கா, நிஜமாவே இதைக் குடுத்துடணுமா? காலையில நான் மருந்துப் பெட்டி கட்டிட்டுப் போறேன். சாயங்காலம் நீ பந்தயத்துக்குப் பழகுறே. ஓடிட்டுத்தானே இருக்கு.

— ஓடுது. உன் கேரியரையும் சேத்துத் தூக்கிட்டு நான் மேடு ஏறுறேன். போன பந்தயத்துல கடைசி ஆளுக்கு டயர் வெடிச்சதால எனக்குக் கடைசிக்கு முந்தின இடம்.

— உன் ஒல்லி டயரை வெச்சுக்கிட்டு நான் படற பாடு? ஒரு குழியில இறங்கினாப் போதும். குலுக்கிக் குடிக்கவும்னு பாட்டில்ல எழுதவே வேண்டாம்.

— அதைத்தாண்டா நானும் சொல்றேன். சுமைக்கு ஒண்ணு, வேகத்துக்கு ஒண்ணு. எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும்னு சைக்கிள் கடைக்காரர் சொன்னப்பவே முழிச்சிருக்கணும். இதைக் குடுத்துட்டு, பழசா இருந்தாலும் ஆளுக்கொண்ணு வாங்குவோம்.

— சரி. உன் இஷ்டம்.

— இனிமே தினம் சீட்டை ஏத்துற வேலையும் மிச்சம். இன்னிக்கும் ஏத்திட்டுத்தான் பழகப் போயிட்டு வந்தேன். நீ ஏண்டா இவ்வளவு கீழே இறக்கி வைக்கறே?

— நானா? என் உயரம் சீட்டுக் கம்பியில ஒட்டின கருப்பு டேப் வரைக்கும். மத்தியானம் இங்கே கொண்டாந்து நிறுத்திட்டு, நடந்துதான் கடைக்குத் திரும்பிப் போறேன். அதுக்கப்புறம் சீட்டைத் தொடறதே இல்ல.

— நான் வரும்போது இறங்கிக் கிடக்கே. கனம் ஏத்தினா கால் ஊணணும்னு நீதான் இறக்கறேன்னு நெனச்சேன்.

— தள்ளு, பாக்கறேன். இது என் டேப். இது உன் நகப்பூச்சுக் கோடு. அக்கா, ரெண்டுக்கும் மேலே, சீட்டை ஒட்டி என்னமோ கீறியிருக்கு. கம்பியை அதுவரைக்கும் உள்ளே இறக்கறாங்க போல.

— ஆணியால கீறின மாதிரி இருக்கு. நேரா, சுத்தமா.

— நான் இல்ல.

— நானும் இல்ல. அப்போ வலது பெடல்ல இந்தத் துணி வளையம்?

— அது உன் பந்தய வித்தைன்னுல்ல விட்டு வெச்சிருந்தேன்.

— போடா. மழையில உன் செருப்பு வழுக்குதுன்னு நீ கட்டினதா நெனச்சேன்.

— கால் நழுவாம இருக்கத்தான் கட்டியிருக்கு. ஆனா வலது கால் மட்டும் ஏன்?

— அவிழ்த்துக் குடு. வெளிச்சத்துல பாக்கலாம்.

— பழைய சட்டை. பொத்தான் துளைகூட இருக்கு. நீலக் கட்டம்.

— டேய்.

— என்னக்கா?

— அப்பா ஒயரிங் வேலைக்குப் போட்டுட்டுப் போற சட்டை. விழுந்த அன்னிக்கு ஆஸ்பத்திரியில கத்தரிச்சு எடுத்தாங்களே, அது. தூக்கிப் போடப் போனேன். வேண்டாம், குடுன்னு வாங்கி வெச்சுக்கிட்டார்.

— சும்மா இரு, அக்கா. வலது கால்ல கம்பி வெச்ச மனுஷன். நடங்க நடங்கன்னு டாக்டர் சொல்லி, நாம கெஞ்சி, வாசல்கூட தாண்டல. இவ்வளவு படி எப்படி இறங்குவார்?

— பேண்ட்டுக்குப் பின்னாடிதான்டா மண்ணு. முட்டியில ஒரு பொட்டு இல்ல.

— கேட்டைத் தட்டறாங்க. அந்த ஆள்தான். என்ன சொல்லட்டும்?

— இரு. மேலே கதவு திறக்குது. அப்பா? அப்பா, நீங்க அங்கேயே இருங்க, நாங்க வரோம்.

— யாரும் வர வேண்டாம். ரெண்டு பேரும் படியை விட்டுத் தள்ளி நில்லுங்க, நான் உக்காந்து உக்காந்துதான் இறங்குவேன். வந்தவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லும்மா, தெருமுனை வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வந்து நானே அவர்கிட்டப் பேசிக்கறேன். அது சரி, சீட்டை யாரு ஏத்தினது?