எண்பத்தெட்டாம் பக்கத்துக் கோடு

பேராசிரியர்: ...ஆகவே, ‘காலநிலை மாதிரியாக்கம்: ஓர் அறிமுகம்’ என்னும் மாபெரும் நூலின் இரண்டாம் பதிப்புக்கான திருத்தப் பணி, இன்று காலை பத்து மணிக்கு, இந்த அறையில், முறைப்படி தொடங்குகிறது!

மச்சினன்: மணி பத்தே முக்கால், அத்தான்.

பேராசிரியர்: பத்துன்னே இருக்கட்டும். கதவைச் சாத்து. உங்க அக்கா காதுல விழ வேண்டாம்.

மச்சினன்: அக்கா என்ன உளவாளியா?

பேராசிரியர்: இப்போதைக்கு எல்லாரும்தான். வாசகர் கடிதங்களை எடு.

மச்சினன்: மொத்தம் பதினேழு. பதிமூணு பேர் ‘அருமை’ங்கறாங்க.

பேராசிரியர்: பார்த்தியா!

மச்சினன்: பதிமூணும் உங்க வகுப்புப் பசங்க. பரீட்சைக்கு முந்தின வாரம் எழுதினது.

பேராசிரியர்: நன்றி உணர்ச்சி எப்ப வேணா வரலாம். மீதி?

மச்சினன்: ரெண்டு பேர் நாளைக்கு மழை வருமான்னு கேக்கறாங்க. ஒருத்தருக்குப் புத்தகம் தலைகீழா பைண்டு ஆகி வந்திருக்கு. படிக்கறதுல பெரிய வித்தியாசம் தெரியலையாம்.

பேராசிரியர்: விஷமி! அந்தக் கடைசிக் கடிதம்?

மச்சினன்: அறுபத்தோரு திருத்தம். அடியில ‘ஒரு வாசகர்’னு மட்டும்.

பேராசிரியர்: வாசகராம்! இது எங்க துறைத்தலைவன் வேலை. இந்த ஆளோட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னாத்தான் இரண்டாம் பதிப்புன்னு பதிப்பாளர் கழுத்துல கத்தி வெச்சிருக்கார். அது வந்தாத்தான் இருபத்திரெண்டு காலேஜ்ல பாடம். அதைக் கெடுக்கணும்னு...

மச்சினன்: அவர் உங்க புத்தகத்தைத் திறந்தே பார்க்கலையே. வெளியீட்டு விழாவுல ‘இந்தக் கவிதைகள்’னுதானே பேசினார்?

பேராசிரியர்: நடிப்பு! சரி, படி.

மச்சினன்: பன்னெண்டாவது. காத்தே இல்லாத பூமியோட வெப்பம் இருநூத்தி அம்பத்தஞ்சு டிகிரி செல்சியஸ்னு போட்டிருக்கீங்களாம். அது கெல்வின். கடல் கொதிச்சு ஆவியாயிடும்ங்கறார்.

பேராசிரியர்: அச்சுப்பிழைன்னு எழுது.

மச்சினன்: அச்சுக்குப் பக்கம் கோத்தவன் நான், அத்தான். நீங்க எழுதினதுதான் வந்திருக்கு.

பேராசிரியர்: அப்ப... ‘பெருந்தன்மையோடு ஏற்கிறோம்’னு எழுது. அடுத்து?

மச்சினன்: நாப்பத்தொண்ணு... இதை விட்டுடலாமா?

பேராசிரியர்: ஏன் விடணும்? உன் குரல் ஏன் இறங்குது?

மச்சினன்: தொண்டை. படிக்கிறேன்... ‘எண்பத்தெட்டாம் பக்கம். நூறு ஆண்டுக் காலநிலையைக் கணினியில் ஓட்டிப் பார்த்த வரைபடம் என்கிறீர்கள். ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்க வேண்டிய வெப்பநிலை வழவழவென்று ஏறுகிறது. அறுபதாம் ஆண்டில் மட்டும் கோடு தடித்திருக்கிறது. காலநிலை அங்கே மூச்சு வாங்க நின்றதா? இந்தக் கணினி மாதிரியை உண்மையிலேயே ஓட்டினீர்களா?’ என்ன பதில் எழுத?

பேராசிரியர்: ‘ஆம்’னு... இரு. புத்தகத்தைக் குடு. எண்பத்தெட்டு... கோடு எங்கயும் தடிக்கலையே. ஒரே சீரா இருக்கு.

மச்சினன்: அப்படியா?

பேராசிரியர்: தடிச்சிருந்தது நான் குடுத்த மூலப்படத்துல. அறுபதுல பேனா கொஞ்சம் நின்னுடுச்சு...

மச்சினன்: பேனாவா?

பேராசிரியர்: பேச்சை மாத்தாதே! அந்தப் படத்தைப் பார்த்தது ரெண்டே பேர். நான்... அப்புறம் அதைச் சீர் பண்ணி அச்சுக்கு அனுப்பின ஆள். மாப்பிள்ளை, என் மூஞ்சியைப் பாரு.

மச்சினன்: பாத்துட்டுதான் இருக்கேன்.

பேராசிரியர்: அடப்பாவி! அறுபத்தொண்ணும் நீயா?

மச்சினன்: புத்தகத்துல இருக்கற புரோகிராம்ல வரி எதுவும் விட்டுப்போச்சான்னு பாக்க, கணினியில தட்டி ஓட்டினேன். அந்தக் கணினி உலகத்துல மூணாம் நாளே காத்து சத்தத்தைவிட வேகமா அடிச்சு, கணக்கே வெடிச்சிடுச்சு. உங்களுக்கு மட்டும் எப்படி நூறு வருஷம் ஓடிச்சுன்னு...

பேராசிரியர்: எனக்கும் ஓடல. ஆறு மாசமா வெடிச்சுது. பதிப்பாளர் நெருக்கினார். ஸ்கேல் வெச்சா சந்தேகம் வரும்னு கையாலயே... சரி, நமக்குள்ள இருக்கட்டும். அட்டையில உன் பேரையும் போடறேன். இணையாசிரியர்!

மச்சினன்: வேண்டாம், அத்தான்.

பேராசிரியர்: என் பேருக்கு முன்னாடியே போடறேன்டா!

மச்சினன்: பதிப்பாளர்கிட்ட போன வாரமே எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

பேராசிரியர்: போன வாரமா? அப்புறம் எதுக்குக் காலையில இருந்து ஒவ்வொண்ணாப் படிச்சுக் காட்டினே?

மச்சினன்: நீங்களா வாயைத் திறந்து சொல்றீங்களான்னு பாக்கத்தான்.

பேராசிரியர்: சொல்லிட்டேனே! அப்ப இரண்டாம் பதிப்பு...

மச்சினன்: கிடையாது, அத்தான். முதல் பதிப்பையே கடைகள்ல இருந்து திருப்பி எடுத்துக்கிட்டிருக்காங்க.