எலுமிச்சம்பழப் படம்

வலது தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலிக்கிறது. கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தே சொல்கிறேன். சரக்கு ரயில் பெட்டிகளைக் கொக்கி மாட்டி இணைக்கிற வேலை. எங்கள் யார்டில் தோள் வலிக்காதவன் வேலைக்குப் புதியவன்.

படக்காரர் நல்ல மனிதர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். தண்டவாளம், கிடங்கு, துறைமுகம் என்று எல்லாவற்றையும் ஒரே முதலாளி வளைத்துப் போட்டதைப் பத்திரிகையில் வாராவாரம் கேலிப்படம் போட்டுக் கிழித்தவர் அவர்தான். முதலாளியின் தொப்பையை எஞ்சின் கொதிகலனாகப் போடுவார். தண்டவாளத்தைக் கடைக்காரர்கள் கழுத்தில் சுருக்காக மாட்டுவார். நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

எஞ்சினுக்குச் சைகை காட்டும் கொடிக்காரரை ஆள்குறைப்பில் வேலையிலிருந்து நிறுத்திய வாரம், கொக்கி மாட்டப் போன என் தம்பி இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நசுங்கிச் செத்தான். அடுத்த இதழில் படம் வந்தது. முதலாளி இரண்டு பெட்டிகளையும் சேர்த்துப் பிழிகிறார்; நடுவில் எலுமிச்சம்பழமாக என் தம்பி, அதே மூக்கு, அதே மீசை. சாறு முதலாளியின் கோப்பையில் வடிகிறது. டீக்கடையில் ஒருவன் கேட்டான்: "ஏம்ப்பா, உன் தம்பிக்கு உப்பா, சர்க்கரையா?"

அம்மா படத்தைத் தடவிப் பார்த்தாள். "கடைசியா இப்படித்தான் வாயப் பொளந்தானாடா?" என்றாள். அதற்குப் பிறகு அவள் சோற்றில் கை வைக்கவில்லை.

படக்காரரை நான்தான் யார்டுக்கு அழைத்தேன், அடுத்த படத்துக்கு உதவும் என்று. "நான் உங்க பக்கம்தாண்ணே" என்றார். உண்மைதான்.

"தெரியும் தம்பி. ரெண்டு பெட்டிக்கும் நடுவுல இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க."

தம்பி செத்த பிறகு கொடியை என் கையில் கொடுத்திருந்தார்கள். உள்ளே நிற்பவன் கையை வெளியே நீட்டிக் காட்டாமல் கொடி அசைக்கக் கூடாது. அது யார்டு வழக்கம். படக்காரரின் ஒரு கையில் பென்சில், மறுகையில் காகிதம். கை வெளியே வரவில்லை. கொடியை அசைத்தேன். எஞ்சின் தள்ளியது. டிரைவருக்கு ஒன்றும் தெரியாது, அவரை விட்டுவிடுங்கள்.

விலா எலும்புகள் சுள்ளிபோல் ஒடிந்தன. பெட்டிகள் பிடித்திருந்ததால் அவர் நின்றபடியே என்னைப் பார்த்தார். நானும் கிட்டப் போய் வாயை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். அம்மா கேட்டதற்குப் பதில் வேண்டுமே.

முதலாளியை ஏன் விட்டேன் என்கிறீர்கள். அவருடைய தனிப்பெட்டி எங்கள் யார்டில்தான் தண்ணீர் பிடிக்க நிற்கும். இறங்கி உலாத்துவார், கை நீட்டினால் தொட்டுவிடலாம். நான் ஒதுங்கி நின்று கும்பிட்டுப் பச்சைக் கொடி காட்டுவேன். பெரியவர்களிடம் மரியாதையாகத்தானே இருக்க வேண்டும்.

என் தம்பியின் உயிர் அவரிடம் இன்னும் பாக்கி இருக்கிறது.