இறுக்கின பிரேக்

— ஒழுகல சார். டேங்க், அடியில போற குழாய், எல்லாத்தையும் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டேன். ஒரு சொட்டு ஈரம் இல்ல.

— அப்புறம் எங்க தம்பி போகுது? லிட்டருக்குப் பதினாலு கொடுத்த வண்டி. இப்ப பதினொண்ணைத் தாண்ட மாட்டேங்குது.

— ஃபில்டர், பிளக், டயர் காத்து, எல்லாம் சுத்தமா இருக்கு. ஓட்டுறது யாரு? மிதி மிதின்னு மிதிக்கிற ஆளா?

— ஒரு மாசமா நான்தான். அதுக்கு முன்னாடி ஒரு டிரைவர் இருந்தான். பெட்ரோல்ல கை வச்சான், அனுப்பிட்டேன்.

— அவர் போனப்புறமும் குடிக்குதா?

— அதானே புரியல. என் வீட்டுக்காரி இவதான், மெக்கானிக்கிட்டக் காட்டுங்க, காட்டுங்கன்னு ஒரு மாசமா என் உயிரை வாங்குறா.

— சும்மா ஒரு தடவை பார்த்துடுவோமேன்னுதான் சொன்னேன், தம்பி.

— நல்ல வேலை செஞ்சீங்கம்மா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பின்பக்கம் ஜாக்கி போடுறேன். ஆங். சார், இந்தப் பின்சக்கரத்தைக் கையால சுத்துங்க.

— ம்... வரலையே. கியர்ல கிடக்கோ?

— கியருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல சார், உங்க வண்டியை இழுக்கிறது முன்சக்கரம். ஹேண்ட்பிரேக்கையும் இறக்கிட்டேன். ஒரு தட்டு தட்டினா நாலு சுத்தாவது சுத்தணும். இருங்க, சக்கரத்துக்குள்ள இருக்கிற பிரேக் டிரம்மைக் கழட்டுறேன்.

— என்ன, முகம் மாறுது?

— நீங்களே பாருங்க. பிரேக்கை விட்டாலும் டிரம்மைப் பிடிக்கிற கட்டை, இந்த பிரேக் ஷூ, விடவே இல்ல, டிரம்மை உரசிக்கிட்டே ஓடியிருக்கு. சூட்டுல இரும்பு நீலமாயிடுச்சு. ஒரு கால் பிரேக்குல, ஒரு கால் ஆக்சிலேட்டர்ல வச்சு ஓட்டின மாதிரிதான். குடிக்காம என்ன செய்யும்?

— பழசாயிடுச்சா?

— பழசாகல. கேபிளை அளவு மீறி இறுக்கியிருக்கு. ஹேண்ட்பிரேக்கை இழுத்தா கடக் கடக்னு ஆறேழு பல்லு ஏறித்தான் பிடிக்கணும். இது ரெண்டாவது பல்லுலயே பிடிக்குது. எந்தப் புண்ணியவான் பார்த்த வேலை இது?

— நான்தான் இறுக்கச் சொன்னேன்.

— நீங்களா?

— வீட்டு வாசல் சரிவு. ஒரு நாள் வண்டி அரையடி உருண்டு கேட்டுல இடிச்சுடுச்சு. ரெண்டே பல்லுல நிக்கணும்னு ஆளைக் கூப்பிட்டு, பக்கத்துலயே நின்னு இறுக்க வச்சேன். தளர்ந்தப்பல்லாம் மறுபடியும் இறுக்கினேன்.

— தளரல சார். ஷூ தேய்ஞ்சிருக்கு. டிரைவர் ஒண்ணும் சொல்லலையா?

— சொன்னான். "ரொம்ப இறுக்கம் சார், வண்டி திணறுது"ன்னான். ஓட்டுறது உன் வேலை, அதை மட்டும் பாருன்னேன்.

— இறுக்கி எத்தனை மாசம்?

— எட்டு.

— அப்ப எட்டு மாசமா குடிச்சிருக்கணும்.

— அதுதான் இல்ல. ஒரே நிமிஷம், நோட்டு இருக்கு. முப்பது வருஷம் ஹெட்மாஸ்டரா இருந்தவன் தம்பி, எழுதாம விடமாட்டேன். இந்தா, இறுக்கின முதல் வாரம் பதினொண்ணு. சிவப்பு மையில வட்டம் போட்டிருக்கேன். அன்னிக்குச் சிரிச்சுக்கிட்டேதான் கேட்டேன், "என்னப்பா, மிச்சம் உன் வீட்டு அடுப்புக்குப் போச்சா"ன்னு. அப்புறம் ஆறு மாசம் பாரு. பதினாலு, பதினாலு, பதினாலு. ரெண்டு மாசம் முன்னாடிதான் திரும்பவும் விழுந்துச்சு.

— சார், இந்த ஷூவைப் பாருங்க. தேய்ஞ்சு தகடு தெரியுது. ரெண்டு மாசத்துல இப்படித் தேயாது. இப்படி உரசிக்கிட்டே ஓடின வண்டி பதினாலு கொடுக்கவே கொடுக்காது. உங்க நோட்டுல பதினாலு வரணும்னா, உங்களுக்குத் தெரியாம யாரோ பெட்ரோல் ஊத்தியிருக்கணும்.

— ஊத்தியா? எவன் ஊத்துவான்?

— ரெண்டு மாசம் முன்னாடி உங்க டிரைவருக்கு ஏதாவது கஷ்டம் வந்துச்சா?

— சம்சாரத்துக்கு ஆபரேஷன். அதை வச்சுத்தானே எனக்குப் பொறி தட்டுச்சு. பணமுடை வந்துச்சு, டேங்க்ல கை வச்சுட்டான்னு.

— இல்ல சார். அப்பதான் ஊத்த முடியாமப் போயிருக்கு.

— இல்ல, இல்ல. ஆதாரம் இருந்துச்சு தம்பி. அனுப்பின அன்னிக்கு அவனை வாசல் கேட்டுக்கிட்ட நிறுத்தி பையைக் கொட்டச் சொன்னேன். தெருவே பார்த்துச்சு. சாப்பாட்டு டப்பாவோட ஒரு கேன் விழுந்துச்சு. உள்ள பெட்ரோல்.

— வேலைக்கு வரும்போதா, வீட்டுக்குப் போகும்போதா?

— காலையில... வரும்போது.

— எடுக்கிறவன் சாயங்காலம் கொண்டு போவான் சார். காலையில கொண்டு வரமாட்டான். கையில கொஞ்சம் காசு வந்ததும் மறுபடியும் ஊத்தக் கொண்டு வந்திருக்கார்.

— தம்பி, உட்கார ஏதாவது இருக்கா?

— சார், இந்த ஸ்டூல்ல உட்காருங்க.

— ஒரு புனலும் விழுந்துச்சு. எங்க சமையலறைப் புனல். அதையும் திருடினியான்னு கேட்டேன். வாயே திறக்கல. மேலே எங்கேயோ பார்த்துக்கிட்டு நின்னான். போன வாரம் வேற ஒரு வீட்டுல வேலைக்கு எடுக்கலாமான்னு விசாரிச்சாங்க. கை சுத்தமில்லன்னு சொன்னேன். என் வாயாலதான் சொன்னேன்.

— கேபிளைத் தளர்த்தி, ஷூ மாத்திக் கொடுத்துடுறேன். சாயங்காலம் வண்டி பழையபடி ஓடும். அதுக்கு மேல என்கிட்ட மருந்து இல்ல சார்.

— வண்டி கிடக்கட்டும். எனக்கு வெட்கமா இருக்கு தம்பி. இத்தனை பிள்ளைங்களுக்கு மார்க் போட்டவன், ஒரு மனுஷனைப் படிக்கத் தெரியல. இப்பவே வேற வண்டி பிடிச்சு அவர் வீட்டுக்குப் போறேன். ஏய், நீயும் வா. எதுக்கு அழுற? தப்பு பண்ணினது நான்.

— அந்தப் புனல் நான் கொடுத்ததுங்க.

— என்னது?

— நீங்க அடுப்புன்னு கேட்டீங்களே, அன்னிக்கே பின்வாசல்ல வந்து நின்னார். "வண்டி அதிகமா குடிக்குதும்மா. சார் என்னைச் சந்தேகப்படுறார். குறையறதை நானே ஊத்திடுறேன், ஒரு புனல் இருந்தா கொடுங்க. சார்கிட்ட சொல்லிடாதீங்க"ன்னார்.

— எட்டு மாசமா உனக்குத் தெரியுமா? அப்ப அன்னிக்கு, அத்தனை பேர் முன்னாடி, அவர் வாயை மூடிக்கிட்டு மேலே பார்த்துக்கிட்டு நின்னப்ப, நீ எங்க போனே?

— டிரைவர் அண்ணன் சும்மா மேலே பார்க்கலங்க. மாடி ஜன்னல்ல நின்ன என்னைத்தான் பார்த்தார். நான் திரையை இழுத்து விட்டுட்டேன்.